கன்டம் போர்க் குறுந்தொடர்கள் மூன்று: எதில் தொடங்குவது?

கன்டம் என்ற ஜப்பானிய ரோபோ அனிமேஷன் தொடர் வரிசையைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்களில் பாதிப் பேர் எங்கே தொடங்குவது என்ற கேள்வியிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். 1979-இல் யோஷியுகி டோமினோ இயக்கத்தில் ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு வந்த முதல் தொடரே 43 எபிசோட். அதற்குப் பிறகு தொடர்ச்சிகள், கிளைக்கதைகள், முற்றிலும் வேறு உலகத்தில் நடக்கும் கதைகள் என்று நாற்பது வருடத்துக்கு மேல் குவிந்து கிடக்கிறது. முதல் தொடரில் இருந்தே தொடங்குங்கள் என்பது நியாயமான யோசனைதான். ஆனால் 1979-ஆம் வருடத்து அனிமேஷனை, வாரம் ஒரு புது எதிரி ரோபோ வந்து விழுகிற அமைப்பை, இன்றைக்குப் பழகிய கண்ணோடு 43 முறை உட்கார்ந்து பார்க்கப் பொறுமை வேண்டும்.

குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. தொலைக்காட்சிக்காக இல்லாமல் வீடியோவில் நேரடியாக வெளியிடுவதற்கென்றே எடுத்த குறுந்தொடர்கள். ஜப்பானில் இவற்றை ஓவிஏ என்பார்கள். வாரா வாரம் ஒரு எபிசோட் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லை, விலை கொடுத்து வாங்குகிறவர்கள் வளர்ந்த ரசிகர்கள், அதனால் பணமும் நேரமும் தாராளமாகச் செலவழித்திருப்பார்கள். கன்டமின் மூல உலகத்தில், அந்த முதல் போரையும் அதன் எச்சத்தையும் சொல்லும் இப்படிப்பட்ட தொடர்களில் மூன்றைத்தான் எல்லாரும் பரிந்துரைப்பார்கள்: 1989-இல் வந்த 0080 வார் இன் தி பாக்கெட், 1991-இல் தொடங்கிய 0083 ஸ்டார்டஸ்ட் மெமரி, 1996-இல் தொடங்கிய எட்டாவது எம்எஸ் டீம். மூன்றையும் ஒரே மூச்சில் புகழ்ந்து, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. தவறான ஒன்றில் தொடங்கினால் கன்டமே இப்படித்தான் போலிருக்கிறது என்று மூடி வைத்துவிடுவீர்கள்.

முதலில், எதைப் பார்த்தாலும் தேவைப்படுகிற பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். வருங்காலம். மனிதர்களில் பெரும்பகுதியினர் விண்வெளியில் மிதக்கும் உருளை வடிவக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். அந்தக் குடியிருப்புத் தொகுதிகளுக்கு சைட் என்று பெயர். அவற்றில் ஒன்று ஜியோன் என்ற பெயரில் தனி நாடாக அறிவித்துக்கொண்டு, பூமிக் கூட்டமைப்பின் மீது போர் தொடுக்கிறது. கூட்டமைப்பின் பக்கம் நின்ற குடியிருப்புகளில் நச்சு வாயு விட்டுக் கொல்கிறது, ஒரு குடியிருப்பையே பூமியின் மீது தள்ளுகிறது. சிட்னி நகரம் இருந்த இடம் தெரியாமல் போகிறது. ஒரு மாதத்துச் சண்டையில் மனித இனத்தில் பாதி இல்லை. மினோவ்ஸ்கி துகள் என்ற ஒன்றால் ரேடார் வேலை செய்யாது, தொலைதூர ஏவுகணைகளும் குறி தவறும். அதனால் கண்ணால் பார்த்து அருகில் போய்த்தான் சண்டை போட வேண்டும். மொபைல் சூட், சுருக்கமாக எம்எஸ், எனப்படும் மனிதர் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் மனித உருவ ராட்சத இயந்திரங்கள் ஏன் என்பதற்கு இந்தக் கதை சொல்லும் காரணம் இது. இந்தக் கதை உலகத்தின் ஆண்டுக்கணக்கான யுனிவர்சல் செஞ்சுரியில் 0079 ஜனவரியில் தொடங்கி 0080 ஜனவரி 1-இல் முடிகிற இந்தப் போருக்கு ஒரு வருடப் போர் என்று பெயர். அவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி விஷயம். மூன்று தொடர்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று கவனத்துக்கு வரும். மூன்றும் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே கேள்வியைத்தான்: எதிரியின் இயந்திரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளை உனக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றில் எதிரி ஒரு சிறுவனின் நண்பன். ஒன்றில் எதிரி காதலி. ஒன்றில் எதிரி, நாயகனே வியந்து அண்ணாந்து பார்க்கும் வீரன். எந்தத் தொடர் இந்தக் கேள்வியிடம் நேர்மையாக நடந்துகொள்கிறது என்பதை வைத்துத்தான் நான் தரம் பிரிக்கிறேன். சண்டைக் காட்சியை வைத்துப் பிரித்தால் வரிசை தலைகீழாகிவிடும், அதையும் போகப்போகச் சொல்கிறேன்.

0080: சிறுவனின் கண்ணில் போர்

ஆறே எபிசோட். 1989 மார்ச்சில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்தது. எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். டோமினோ இல்லாமல் வேறொருவர் பொறுப்பில் வந்த முதல் முழுநீளக் கன்டம் கதை இதுதான். இயக்கம் ஃபுமிஹிகோ தகயாமா. திரைக்கதை ஹிரோயுகி யமாகா, இரண்டு வருடத்துக்கு முன் கைனாக்ஸ் நிறுவனத்துக்காக ராயல் ஸ்பேஸ் ஃபோர்ஸ் படத்தை இயக்கியவர். மனிதர்களை வரைந்து வடிவமைத்தவர் மாக்ராஸ் என்ற ரோபோ அனிமே தொடரால் புகழ்பெற்ற ஹருஹிகோ மிகிமோதோ, இயந்திரங்களை வடிவமைத்தவர் யுதகா இசுபுச்சி. கன்டமை வேறு கண்ணோடு பார்த்தவர்கள் எடுத்தார்கள் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரியும்.

முதல் காட்சி ஆர்க்டிக் பனியில். ஜியோனின் ஒரு கமாண்டோ குழு கடலில் இருந்து எழுந்து வந்து கூட்டமைப்பின் தளம் ஒன்றைத் தாக்குகிறது. குறி, அங்கிருந்து விண்ணுக்கு அனுப்பப்படவிருக்கும் ஒரு புதிய கன்டம், அதாவது கூட்டமைப்பின் சிறப்பு மொபைல் சூட். குழு தோற்கிறது, கன்டம் தப்பிப் போகிறது. ரசிகர்கள் எதிர்பார்க்கும் எல்லாமும் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது: கனமான உலோகம், வெடிப்பு, சட்டென்று முடிந்துபோகும் உயிர்கள். அப்புறம் கதை ஒரேயடியாக வேறு பக்கம் திரும்பி, சைட் 6-இல் உள்ள லிபோ என்ற நடுநிலைக் குடியிருப்புக்குப் போய்விடுகிறது. அங்கே ஆல் என்ற ஆரம்பப் பள்ளிப் பையன். அப்பாவும் அம்மாவும் பிரிந்து வாழ்கிறார்கள். வகுப்பில் மனம் ஒட்டுவதில்லை. அவனுக்கும் நண்பர்களுக்கும் போர் என்றால் ராணுவச் சின்னங்களும் மொபைல் சூட் பெயர்களும்தான். யாரிடம் எந்தப் பட்டை இருக்கிறது என்பதில்தான் மரியாதை.

ஒரு நாள் சண்டை அவர்கள் ஊருக்குள்ளேயே வந்துவிடுகிறது. அடிபட்டு மரங்களுக்கு நடுவே விழுந்த ஸாகு என்ற ஜியோன் மொபைல் சூட் ஒன்றைத் தேடிக்கொண்டு ஆல் ஓடுகிறான், பயத்தால் இல்லை, ஆசையால். உள்ளே இருந்தவன் பெர்னி. புதிதாகச் சேர்ந்தவன், வாயால் பெரிய வீரன். இருவரும் நண்பர்கள் ஆகிறார்கள். பெர்னி அந்தக் கமாண்டோ குழுவோடு மாறுவேடத்தில் திரும்பி வந்து கன்டமைத் தேடும்போது, ஆல் விளையாட்டுப் போல உளவு பார்க்கிறான். பக்கத்து வீட்டுக்குப் பல வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கும் கிறிஸ் அக்காவைப் பெர்னிக்கும் பிடித்துப்போகிறது. கிறிஸ்தான் அந்தக் கன்டமின் சோதனை விமானி. பார்க்கிற நமக்கு இது தெரியும், அவர்கள் இருவருக்கும் தெரியாது.

இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன். இந்தத் தொடரின் பலம் எங்கே என்றால், அது ஆலைத் திட்டுவதே இல்லை. போர் கெட்டது என்று யாரும் அவனுக்கு வகுப்பு எடுப்பதில்லை. அவன் ஆசைப்பட்டது எல்லாம் ஒவ்வொன்றாக அவனுக்குக் கிடைக்கிறது: அருகில் ஒரு ஸாகு, தோழனாக ஒரு ஜியோன் வீரன், ரகசியப் பணி, கடைசியில் கண்ணெதிரே ஒரு கன்டம். கிடைக்கக் கிடைக்க அவன் முகம் மாறுவதை மிகிமோதோவின் வரைகலை பொறுமையாகக் காட்டுகிறது. ஆலுக்குக் குரல் கொடுத்த டைசுகே நமிகாவா இன்று பெரிய நடிகர், அன்று அவரே பள்ளிப் பையன். பெரியவர்கள் சிறுவன் குரலில் பேசுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கடைசி எபிசோடில் புரியும். அதனால் ஜப்பானிய ஒலியோடு பாருங்கள் என்பேன்.

நான்காவது எபிசோட் முக்கியமானது. அதுவரை இலகுவாகப் போய்க்கொண்டிருந்த கதை, கெம்ஃபர் என்ற நீல நிற இயந்திரம் நகரத்துக்குள் இறங்கியதும் முறுக்கிக்கொள்கிறது. ரோபோ அனிமே என்றால் எதிர்பார்க்கிற நீளமான மோதல் இங்கே இல்லை. சில நொடிகளில் தீர்ந்துவிடுகிறது. மறைத்து வைத்திருந்த துப்பாக்கிக் குழல்கள் கன்டமின் கையில் இருந்து வெளியே வந்து சுழலத் தொடங்கும்போது, இதுவரை இந்தப் பெயரைக் கேட்டதும் நாம் கைதட்டிக்கொண்டிருந்தோம் என்பது உறுத்தும். கன்டம் என்பது அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று காட்டிய காட்சிகளில் இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. கன்டம் தொடர்கள் எல்லாமே பொம்மைகளையும் பிளாஸ்டிக் மாடல்களையும் விற்பதற்கும் சேர்த்துத்தான் எடுக்கப்படுகின்றன. முதல் தொடரையே பொம்மை விற்பனை போதாமல் பாதியில் சுருக்கினார்கள், பிறகு 1980-இல் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட மாடல்கள்தான் அதற்கு மறுவாழ்வு கொடுத்தன. 0080-உம் விதிவிலக்கு இல்லை, பழைய இயந்திரங்களை எல்லாம் புது உருவில் அழகாக வரைந்து வைத்திருக்கிறார்கள், அவற்றுக்கும் மாடல்கள் வந்தன. ராணுவச் சின்னம் சேர்க்கும் பையனின் கதையை, மாடல் சேர்க்கும் ரசிகனுக்கு விற்றிருக்கிறார்கள். இந்த முரண்பாடு தொடருக்குத் தெரிந்தே இருக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, குறைகள். முதலாவது, தற்செயல்கள் அதிகம். பக்கத்து வீட்டு அக்காவே அந்த விமானி, அவனுக்கு அறிமுகமான வீரனே அந்தக் குழுவில் சேர்க்கப்படுகிறான். சின்ன மேடையில் நடக்கும் நாடகம் என்று எடுத்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, கிறிஸ். கதையின் முக்கோணத்தில் ஒரு மூலையே அவள். ஆனாலும் பெர்னியின் பயத்தையும் ஆலின் ஏக்கத்தையும் உள்ளே போய்க் காட்டிய கதை, அவள் மனதுக்குள் நுழையவே இல்லை. ஏன் ராணுவத்தில் சேர்ந்தாள், நடுநிலை ஊருக்குள் ஆயுதத்தைக் கொண்டுவந்து ஒளித்து வைத்தது பற்றி அவளுக்கு என்ன தோன்றுகிறது, எதுவும் இல்லை. அழகான அண்டை வீட்டுப் பெண்ணாகவே பெரும்பாலும் நிற்கிறாள். மூன்றாவது, கில்லிங் என்ற ஜியோன் தளபதி. பெயரிலேயே வில்லன். நடுநிலைக் குடியிருப்பையே அணுகுண்டால் அழிக்கத் துணிகிறான். மற்ற எல்லாரையும் மனிதர்களாக வரைந்த தொடர், தனக்கு அவசரம் தேவைப்பட்ட இடத்தில் இந்த ஆளை அட்டையில் வெட்டி ஒட்டியிருக்கிறது. நான்காவது, மூன்றாம் எபிசோட் கொஞ்சம் இழுக்கும். சண்டைக்காக வந்தவர்கள் அங்கேயே எழுந்து போய்விடுவார்கள். ஆறு எபிசோடில் கன்டம் நிஜமாகவே சண்டையிடுவது இரண்டே முறை.

அந்தக் கடைசிக் குறை சிலருக்கு முடிவான குறைதான். அவர்களுக்கு அடுத்தது.

எட்டாவது எம்எஸ் டீம்: சேற்றில் நிற்கும் கன்டம்

12 எபிசோட். ஒரு வருடப் போரின் நடுவே தென்கிழக்கு ஆசியக் காடுகளில், ஷிரோ அமாடா என்ற இளம் அதிகாரி தலைமையில் ஒரு சிறு தரைப்படைக் குழு. விண்வெளி, விதி, அதிமனிதர்கள் எல்லாம் இல்லை. மழை, சேறு, உதிரிபாகம், கடிதம், சோறு. இங்கே கன்டம் தனித்துவமான ஒற்றை அற்புத ஆயுதம் இல்லை. மிச்சமிருந்த பாகங்களைக் கொண்டு கட்டிய தரைப்படை வகை, குழுவில் மூன்று பேரிடம் உண்டு. முதுகில் பெட்டி சுமந்து போகும். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பாகங்களை எடுத்துப் பொருத்தினால் பீரங்கி. கேடயத்தைத் தரையில் ஊன்றி அதன்மேல் குழலைத் தாங்கிச் சுடுவார்கள். ரேடார் இல்லாத உலகத்தில் எதிரி எங்கே என்று எப்படித் தெரியும்? கூட வரும் வண்டியில் எலெடோர் என்பவன் நிலத்துக்குள் ஒலிவாங்கியைச் செருகி, காதில் மாட்டிக்கொண்டு, காலடி அதிர்வைக் கேட்டுச் சொல்வான். அவனுக்குப் பாட்டுக்காரன் ஆக ஆசை.

இப்படிப்பட்ட நுணுக்கங்களுக்காகவே இந்தத் தொடரை நேசிக்கிறவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். பதினெட்டு மீட்டர் உயர இயந்திரம் காட்டுக்குள் நடந்தால் என்னென்ன சிக்கல் என்று யோசித்திருக்கிறார்கள். குழுவில் சாண்டர்ஸ் என்ற வாட்டசாட்டமான ஆளுக்கு ஒரு கெட்ட பெயர்: அவன் சேர்ந்த குழுக்கள் மூன்றாவது பணியில் அழிந்துவிடும் என்பார்கள். கேரன் ஷிரோவைவிட அனுபவசாலி, அவனை ஆரம்பத்தில் மதிப்பதே இல்லை. மிஷேல் காதலிக்கு ஓயாமல் கடிதம் எழுதுவான். படைக்குழுக் கதைகளில் வழக்கமாக வரும் ஆட்கள்தான், ஆனாலும் சீக்கிரம் நமக்கு வேண்டியவர்களாகிவிடுகிறார்கள்.

பத்தாவது எபிசோடைத் தனியாகச் சொல்ல வேண்டும். நோரிஸ் பாக்கார்ட் என்ற ஜியோன் மூத்த வீரன், காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் தப்பிப் போவதற்காக, ஒற்றை கூஃப் இயந்திரத்தில் எட்டாவது குழு முழுவதையும் எதிர்க்கிறான். அவன் குறி கன்டங்கள் இல்லை. கப்பலைச் சுட்டு வீழ்த்தக்கூடிய மூன்று பீரங்கி வாகனங்கள். இடிந்த நகரத்தின் கட்டடங்களுக்கு நடுவே, வடத்தில் தொங்கியும் தாவியும், அவன் என்ன செய்யப் பார்க்கிறான் என்பதை மற்றவர்கள் புரிந்துகொள்வதற்குள் பாதி முடித்துவிடுகிறான். யார் எங்கே நிற்கிறார்கள், யாரிடம் எத்தனை குண்டு மிச்சம், எது இலக்கு என்று ஒவ்வொரு நொடியும் நமக்குத் தெளிவாகத் தெரியும். மூன்று தொடர்களிலும் சிறந்த சண்டை எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

பிறகு ஏன் இரண்டாம் இடம்? காதல்தான் காரணம். ஷிரோவும் ஜியோன் பக்கத்து அய்னாவும் முதல் எபிசோடில், விண்வெளியில், சிதைந்த கப்பல் ஒன்றில் சிக்கிக்கொண்டு உயிர் பிழைப்பதற்காகக் கைகோர்க்கிறார்கள். அந்த எபிசோட் அருமை. ஆனால் அதற்கு அப்புறம் இருவரும் சேர்ந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. ஏழாவது எபிசோடில் பனிமலையில் மீண்டும் அகப்பட்டுக்கொண்டு, ஒளிவாளால் பனியை உருக்கி வெந்நீர்க் குளியல் போடுகிறார்கள். நினைத்தால் சிரிப்பு வரும், பார்க்கும்போது பிடித்தும் இருக்கும். ஆனால் இத்தனை மெல்லிய நூலில், தன் குழுவின் உயிர்களையும் தன் கடமையையும் ஷிரோ பணயம் வைக்கிறான் என்பதை நம்பச் சொல்கிறது கதை. ஷிரோவின் ஊரையே ஜியோன் நச்சு வாயுவால் அழித்தது. அந்தக் காயம் அவனுக்குள் என்ன செய்திருக்கும் என்று தோண்டியிருந்தால் இந்தக் காதலுக்குக் கனம் வந்திருக்கும். தோண்டவில்லை.

தயாரிப்பிலும் ஒரு துயரம். 1996 ஜனவரியில் முதல் பகுதி வந்தது. அதே வருடம் ஜூலையில் இயக்குநர் தகேயுகி கண்டா இறந்துபோனார். உமனோசுகே இய்தா பொறுப்பேற்றுத் தொடர்ந்தார், தொடர் முடிய 1999 ஆகிவிட்டது. முதல் பாதியின் காட்டுப்போர்ச் சுவை இரண்டாம் பாதியில் குறைந்து, மலைக்குள் கட்டப்படும் ராட்சத ஆயுதமும் அய்னாவின் பித்துப் பிடித்த அண்ணனும் முன்னுக்கு வருவதற்கு இந்த மாற்றம்தான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த ஆயுதம் ஆரம்பத்தில் இருந்தே கதையில் இருக்கிறது. ஆனால் இரண்டு தொடர்களை ஒட்டியது போல ஓர் உணர்வு இருக்கும்.

உள்ளூர் மக்களைக் காட்டுவதிலும் எனக்குக் குறை உண்டு. கெரில்லாப் பெண் கிகியும் அவள் கிராமமும் நல்ல எண்ணத்தோடுதான் வரையப்பட்டிருக்கிறார்கள். இரண்டு படைகளுக்கு நடுவில் சிக்கிய கிராமத்துக்கு என்ன நேரும் என்பதை எட்டாவது எபிசோட் தயங்காமல் காட்டுகிறது. ஆனாலும் அது எந்த நாடு, என்ன மொழி பேசுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. அமெரிக்க வியட்நாம் படங்களில் பின்னணியாக வருமே, அந்தப் பச்சைக் காடும் குடிசைகளும்தான் இங்கேயும். இயந்திரத்தின் திருகாணி வரை யோசித்தவர்கள் ஊருக்கு அந்த அக்கறையைக் காட்டவில்லை.

0083: கண்ணுக்கு விருந்து

வரைகலையை மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடம், போட்டியே இல்லை. 13 எபிசோட், 1991 மே முதல் 1992 செப்டம்பர் வரை. கையால் தாளில் வரைந்து பூசிய காலத்தின் உச்சம். ஷோஜி கவமோரியும் ஹாஜிமே கடோகியும் வடிவமைத்த இயந்திரங்கள், பின்னாளில் கௌபாய் பீபாப்புக்கு மனிதர்களை வரைந்த தோஷிஹிரோ கவமோதோவின் முகங்கள். (எட்டாவது டீமின் முகங்களும் அவருடையவைதான்.) முதல் பாதிக்கான பாட்டை மிகி மட்சுபாரா பாடியிருக்கிறார். இணையம் வழியாகப் பல வருடம் கழித்து உலகமே முணுமுணுத்த பழைய ஜப்பானிய சிட்டி பாப் பாட்டுக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

போர் முடிந்து மூன்று வருடம். ஆஸ்திரேலியாவில் ஒரு தளம். அணுகுண்டு சுமக்கும் கன்டம் ஒன்றைச் சோதனைக்குக் கொண்டுவருகிறார்கள். அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் இருக்கும்போது அப்படி ஒன்றைக் கட்டியதே திருட்டுத்தனம். ஜியோனின் மிச்சப் படையைச் சேர்ந்த அனவெல் காட்டோ நேராக உள்ளே நடந்து வந்து, அதில் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். கோ உராகி என்ற அனுபவமில்லாத இளைஞன் இன்னொரு கன்டமில் ஏறித் துரத்துகிறான். முதல் இரண்டு எபிசோடும் அவ்வளவு வேகம். காட்டோவுக்குக் குரல் அகியோ ஓட்சுகா, கோஸ்ட் இன் தி ஷெல்லில் பாட்டோவாகப் பேசியவர். காட்டோ, போரில் ஜியோன் இழந்த சாலமன் என்ற விண்கோட்டைக்கு முன்னால் வந்து, திரும்பி வந்துவிட்டேன் என்று முழங்கும் இடத்தில் உடம்பு சிலிர்க்காவிட்டால் ஆச்சரியம்.

பிரச்சினையும் அந்தச் சிலிர்ப்பிலேயே இருக்கிறது. காட்டோவும் அவன் தலைவன் டெலாஸும் சேர்ந்து செய்யப்போவது என்ன? அணுகுண்டு போடுவது, ஒரு குடியிருப்பைப் பூமியின் மீது தள்ளி உலகத்துக்குச் சோறு போடும் விளைநிலத்தை அழிப்பது. போரின் தொடக்கத்தில் ஜியோன் செய்த அதே பெருங்கொலை. அதைச் செய்கிறவர்களைத் தொடர் பழைய காலத்துச் சாமுராய்கள் போல, கண்ணீரும் கர்ஜனையுமாக, சூரிய ஒளி முகத்தில் விழ நிறுத்துகிறது. எதிரியும் மனிதனே என்று காட்டுவது வேறு, எதிரி சொல்லும் நியாயத்துக்கு மயங்கிப்போவது வேறு. இதற்கு எதிர்வாதம் உண்டு: கூட்டமைப்பும் அழுகியே இருக்கிறது, அதன் உள்ளிருந்து டைட்டன்ஸ் என்ற கொடுமைப் படை பிறப்பதைக் காட்டத்தான் இந்தக் கதையே என்பார்கள். சரிதான். ஆனால் குண்டடி படும் சாதாரண மனிதன் ஒருவனாவது கதையில் வேண்டுமே? 0080-இல் ஒரு தெரு இடிந்தால் அங்கே யார் வீடு என்று நமக்குத் தெரியும். இங்கே கப்பற்படை ஒன்றே ஆவியாகிறது, நாம் வெளிச்சத்தின் அழகைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கொஞ்சம் பேசாமல் விட்டுப்போனது சீமா என்ற பெண் தளபதியின் கதை. ஜியோனின் அழுக்கு வேலைகளை எல்லாம் செய்ய வைத்துவிட்டு, பிறகு தங்கள் ஆட்களே அல்ல என்று கைகழுவப்பட்டவள். காட்டோவின் புனிதப் போருக்கு உண்மையான விலை கொடுத்தது யார் என்று கேட்க அவளைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. தொடர் அவளைத் துரோகி வேடத்தில் நிறுத்தி, விசிறியை ஆட்ட விட்டதோடு சரி.

நாயகன் கோ வெறுமையானவன். கேரட் பிடிக்காது, மொபைல் சூட் பிடிக்கும், காட்டோவைத் தோற்கடிக்க வேண்டும். கடைசி வரை அவ்வளவுதான். கன்டமை வடிவமைத்த நினா இன்னும் மோசமாகக் கையாளப்பட்டவள். கடைசிக் கட்டத்தில் அவளைப் பற்றி ஒரு பழைய ரகசியம் திடீரென்று வந்து விழுகிறது. அதுவரை அவள் பேசியது, நடந்தது எதிலும் அதற்கான தடயம் சரியாக இல்லை. ரசிகர்கள் முப்பது வருடமாக அவளைத் திட்டுகிறார்கள், அவளைத் திட்டுவது நியாயமே இல்லை. எழுதியவர்களைத் திட்ட வேண்டும். தொடரின் முதல் பகுதியை மித்சுகோ கசே இயக்கினார், பிற்பகுதியை தகாஷி இமனிஷி. முதல் பாதியின் இளமைத் துள்ளல் பின்பாதியில் ராணுவப் பெருமிதமாக இறுகுவதை யாரும் கவனிக்கலாம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல்: 1979 தொடருக்கும் 1985-இல் வந்த சீட்டா கன்டம் என்ற அதன் தொடர்ச்சிக்கும் நடுவில் பாலம் போடுவதற்காக எடுத்தது இது. சாலமன் என்றால் என்ன, காட்டோ ஏன் அதை நினைத்து உருகுகிறான், டைட்டன்ஸ் யார் என்பதெல்லாம் தெரியாமல் பார்த்தால் கடைசி இரண்டு மூன்று எபிசோடுகளின் பாதி அர்த்தம் கைநழுவும். முதல் தொடர் என்று எடுக்க இதைவிடப் பொருத்தமில்லாதது இல்லை. வேடிக்கை என்னவென்றால், படங்கள் அழகாக இருக்கின்றன என்று புதியவர்களிடம் முதலில் நீட்டப்படுவதும் இதுதான்.

யாருக்கு எது

ரோபோ என்றாலே ஒதுங்குகிறவரா, ஆனால் நல்ல போர்க்கதை பிடிக்குமா? கேள்வியே இல்லை, 0080. ஒரு மாலையில் முடிந்துவிடும், முன்னறிவு வேண்டாம், அதன்பின் வேறெதையும் பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை. நாயகன் சிறுவன் என்பதால் வீட்டுக் குழந்தைகளைக் கூட்டி வைத்துப் போட்டுவிடாதீர்கள். ரத்தம் உண்டு, கடைசி எபிசோட் பெரியவர்களுக்கே பாரம்.

படைக்குழு, தந்திரம், இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆர்வம் உள்ளவர் எட்டாவது டீமில் தொடங்கலாம். முதல் ஆறு எபிசோட் பிடித்துவிட்டால் மிச்சத்தைப் பொறுத்துக்கொள்வீர்கள். பத்தாவதும் பதினொன்றாவதும் ஒரே கதையின் இரண்டு பகுதிகள், அவற்றைச் சேர்த்துப் பாருங்கள். பன்னிரண்டாவது பின்கதை மட்டும்தான், சில வாரம் கழித்துப் பார்த்தாலும் ஒன்றும் கெடாது.

அனிமேஷன் கலைக்காகவே பார்க்கிறவர், கையால் வரைந்த வெடிப்பும் உலோகமும் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அறிய விரும்புகிறவர் 0083-ஐத் தவறவிடக் கூடாது. ஆனால் அதற்கு முன் 1979 தொடரைச் சுருக்கி 1981, 82-இல் வெளியிட்ட மூன்று திரைப்படங்களையாவது முடித்துவிடுங்கள். 0083-ஐயே சுருக்கி 1992-இல் ஒரு திரைப்படமாகவும் வெளியிட்டார்கள். நேரம் மிச்சம் என்று அந்தப் பக்கம் போக வேண்டாம். குறைகள் எல்லாம் அப்படியே இருக்கும், மூச்சு விடும் இடங்கள்தான் வெட்டுப்பட்டிருக்கும்.

மூன்றையும் பார்ப்பது என்று முடிவெடுத்தவருக்கு என் வரிசை: எட்டாவது டீம், பிறகு 0080, பிறகு அந்த மூன்று திரைப்படங்கள், கடைசியாக 0083. 0080-ஐ முதலில் வைக்காததற்குக் காரணம் இருக்கிறது. எட்டாவது டீமில் இந்த இயந்திரங்களைக் கொஞ்சம் நேசிக்கத் தொடங்கிய பிறகு அதைப் பார்த்தால்தான் ஆல் படும் பாடு உங்களுக்கும் சேர்த்து என்று உறைக்கும்.